நெய்வேலிச் சுரங்க மேல்மண் மேலாண்மை

நெய்வேலிச் சுரங்க மேல்மண் மேலாண்மை என்பது, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரியை எடுக்கும் முன் அதன் மேலே கிடக்கும் மண்ணை வெட்டி அகற்றி, கடத்தி, கொட்டி, நிலைப்படுத்தி, மீண்டும் பயிருக்கோ காட்டுக்கோ உரிய நிலமாக்கும் பணிகளின் தொகுப்பாகும். நிலக்கரியின் மேல் கிடக்கும் மண், மணற்கல், களிமண் ஆகிய அனைத்தும் சுரங்கத் துறையில் மேல்மண் என்றே பொதுவாக அழைக்கப்படுகின்றன. உழவர்கள் மேல்மண் என்று சொல்வது பயிர் வேரூன்றும் ஓரடி ஈரடி மண்ணை மட்டுமே. சுரங்கத்தாரின் மேல்மண்ணோ எண்பது, தொண்ணூறு மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடியது. இக்கட்டுரையில் இச்சொல் சுரங்கத்துறைப் பொருளிலேயே ஆளப்படுகிறது. உழவர்களின் மேல்மண்ணைக் குறிக்க வேண்டிய இடங்களில் வளமண் என்ற சொல் பயன்படுத்தப்பட்டுள்ளது.

கடலூர் மாவட்டத்தின் இப்பகுதி பெரும்பாலும் சமதளமானது. நெய்வேலியைச் சுற்றிப் பயணம் செய்வோர் தொலைவில் காணும் தட்டையான உச்சி கொண்ட நீண்ட குன்றுகள் இயற்கையானவை அல்ல. அவை சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டப்பட்ட மண்மேடுகள். மரங்கள் வளர்ந்துவிட்டபடியால் புதிதாக வருவோர் பலர் அவற்றை மலை என்றே எண்ணுகின்றனர்.

பின்னணி

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய நிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டதே நெய்வேலி நிலக்கரியின் வரலாற்றுத் தொடக்கமாகக் கூறப்படுகிறது. அதன் பின் நடந்த நிலவியல் ஆய்வுகளின் முடிவில், 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதம் 20ஆம் நாள் அப்போதைய பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். இந்நிறுவனம் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என வழங்கப்படுகிறது.

1957இல் தொடங்கிய சுரங்கத்தில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தென்பட்டது 1961 ஆகஸ்டில்தான். முறையான நிலக்கரி அகழ்வு 1962 மே மாதம் தொடங்கியது. அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இங்கு மண் மட்டுமே வெட்டப்பட்டது. இரண்டாம் சுரங்கத்திற்கு 1978 பிப்ரவரியில் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. நிலக்கரி தென்பட்டது 1984 செப்டம்பரில். நிலக்கரிச் சுரங்கம் என்று பெயர் இருந்தாலும், வேலையின் அளவைக் கொண்டு பார்த்தால் நெய்வேலி ஒரு மண் அகழும் தொழிலகம். நிலக்கரி அதன் அடியில் கிடைக்கும் விளைபொருள்.

நிலத்தின் அடுக்குகள்

நெய்வேலி நிலக்கரி, டெர்சியரி காலத்தைச் சேர்ந்த கடலூர் மணற்கல் தொகுதியில் அமைந்துள்ளது. மேலே செம்மண்ணும் செம்புரைக்கல் கலந்த மண்ணும், அதன்கீழ் மணற்கல், மணல் கலந்த களிமண், வெண்களிமண் ஆகியனவும் மாறி மாறி அமைந்துள்ளன. மேல்மண்ணின் தடிப்பு இடத்திற்கேற்ப ஏறத்தாழ 50 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை வேறுபடுகிறது. நிலக்கரிப் படுகையின் தடிப்பு இதைவிடப் பன்மடங்கு குறைவு.

இங்குள்ள மணற்கல் கடினமானது, உராய்வு மிகுந்தது. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் மென்மையான மண்ணை வெட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரங்கள் நெய்வேலிக்குக் கொண்டுவரப்பட்டபோது, வாளிகளின் பற்கள் விரைவாகத் தேய்ந்தன. ஆகவே கடினமான பகுதிகளில் துளையிட்டு வெடி வைத்து மண்ணைத் தளர்த்திய பின்னரே இயந்திரம் வெட்டும் முறை இங்கு பின்பற்றப்படுகிறது. இரண்டாம் சுரங்கத்தில் சிக்கல் வேறு விதமாக வந்தது. அங்கு ஒட்டும் தன்மையுள்ள களிமண் மிகுதி. அது வாளியிலிருந்து விழாது. விழுந்தால் சரிவுக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். பெல்ட்டில் ஒட்டிக்கொண்டே திரும்பி வரும்.

நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தம் மிக்க நிலத்தடி நீர் உள்ளது. இந்நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்துகிறது. மேலே இருக்கும் மண்ணின் எடையே இவ்வழுத்தத்தை அடக்கி வைத்துள்ளது. எனவே மண்ணை அகற்ற அகற்ற, நீரையும் இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லையெனில் நீர் படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்தை நிரப்பிவிடும். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் இரவும் பகலும் இயங்குவது இதனால்தான்.

மண்ணின் கணக்கு

நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரிக்கு ஏறத்தாழ ஐந்து முதல் ஆறு கன மீட்டர் மேல்மண் அகற்ற வேண்டியுள்ளது. முதலாம் சுரங்கத்தின் ஆண்டுக் கொள்ளளவு 105 இலட்சம் டன், இரண்டாம் சுரங்கத்தினது 150 இலட்சம் டன், சுரங்கம் 1ஏ எனப்படுவதன் கொள்ளளவு 30 இலட்சம் டன் என முன்பு இருந்தன. அக்கொள்ளளவில் இம்மூன்றும் முழு அளவில் இயங்கினால் ஆண்டிற்கு 285 இலட்சம் டன் நிலக்கரி. டன்னுக்கு 5.5 கன மீட்டர் என்று கொண்டால், அகற்ற வேண்டிய மண் ஏறத்தாழ 15.7 கோடி கன மீட்டர் ஆகும். பத்து கன மீட்டர் ஏற்றும் லாரிகளில் இதைக் கொண்டு செல்வதாக இருந்தால், இரண்டு நொடிக்கு ஒரு லாரி வீதம் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஓட வேண்டும். நெய்வேலி, லாரியை விடுத்துப் பெல்ட்டை நாடியதற்குக் காரணம் இதிலிருந்து விளங்கும்.

வெட்டிய மண் வெட்டுவதற்கு முன் இருந்த இடத்தைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பது வீட்டிற்குக் கடைக்கால் தோண்டியவர் அனைவரும் அறிந்ததே. குழியிலிருந்து எடுத்த மண்ணை அதே குழியில் கொட்டினால் மேலே ஒரு குவியல் மிஞ்சும். மண் துகள்களுக்கு இடையே காற்றிடைவெளிகள் கூடுவதே இதற்குக் காரணம். இதை மண்ணின் பருமப் பெருக்கம் என்பர். மணலுக்கு இது குறைவு. களிமண்ணுக்கும் உடைத்த பாறைக்கும் அதிகம். காலப்போக்கில் மண் தன் எடையாலும் மழையாலும் அமுங்கினாலும், பழைய அடர்த்தியை முழுமையாக அடைவதில்லை.

சுரங்கத்தில் இக்கணக்கு சுவையான ஒரு விடையைத் தருகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு டன் நிலக்கரி ஏறத்தாழ 0.87 கன மீட்டர் இடத்தை அடைத்திருக்கும். அதன் மேலிருந்த மண் 5.5 கன மீட்டர். ஆகவே உண்டாகும் பள்ளம் 6.37 கன மீட்டர். அமுங்கிய பின்னரும் மண் 15 விழுக்காடு பெருத்திருந்தால் அதன் பருமன் 6.33 கன மீட்டர். பள்ளமும் மண்ணும் ஏறத்தாழ சமம்! 10 விழுக்காடு மட்டுமே பெருத்திருந்தால் 6.05 கன மீட்டர். நிலம் பழைய மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். நிலக்கரியை எடுத்துவிட்ட பின்னரும் பள்ளத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிட முடிவது இப்பெருக்கத்தால்தான்.

அப்படியானால் வெளியே உள்ள மண்மேடுகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழும். சுரங்கத்தின் முதல் வெட்டை எடுக்கும்போது நிரப்புவதற்குப் பள்ளம் ஏதும் இல்லை. எனவே முதல் சில ஆண்டுகளின் மண் முழுவதும் வெளியே, வேறு நிலத்தின்மேல் கொட்டப்படுகிறது. நிலக்கரி எடுத்து முடித்த இடம் போதிய அகலம் பெற்ற பின்னரே மண் உள்ளே திரும்புகிறது. அதற்குப் பின் பள்ளம் முன்னே நகர்ந்துகொண்டே செல்லும். பின்னால் மண் அதை மூடிக்கொண்டே வரும். முதலில் வெளியே சென்ற மண் மேடாகவே நின்றுவிடுகிறது. அதற்கு ஈடான பள்ளம் சுரங்கத்தின் கடைசி முனையில் எஞ்சி நிற்கும். ஒரு சுரங்கம் தொடங்கும்போதே, ஒரு மேடும் ஒரு பள்ளமும் நிலையாக எஞ்சும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

வெட்டுதலும் கடத்தலும்

மேல்மண் பல படிகளாக வெட்டப்படுகிறது. தரைப்படி, மேற்படி, நடுப்படி, அடிப்படி என நிலக்கரிக்கு மேலே உள்ள ஒவ்வொரு படியிலும் தனித்தனி இயந்திரங்கள் இயங்குகின்றன. வெட்டும் இயந்திரம் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் எனப்படும். பெரிய சக்கரம் ஒன்றின் விளிம்பில் வாளிகள் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்போது வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைச் சுரண்டி, உச்சியில் பெல்ட்டின்மேல் கவிழ்க்கும். நெய்வேலியில் உள்ள இயந்திரங்கள் அவற்றின் வாளியின் கொள்ளளவாலேயே பெயர் பெறுகின்றன: 350 லிட்டர், 700 லிட்டர், 1400 லிட்டர். இவ்வகை இயந்திரம், கன்வேயர் பெல்ட், மண் கொட்டும் இயந்திரமான ஸ்பிரெடர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஜெர்மானிய முறை இந்தியாவில் முதன்முதலாக நெய்வேலியின் முதலாம் சுரங்கத்தில்தான் பயன்படுத்தப்பட்டது.

இம்முறையின் வலிமையும் பலவீனமும் ஒன்றே: எல்லாம் ஒரே தொடர். வெட்டும் இயந்திரம், படிப் பெல்ட், இணைப்புப் பெல்ட், கொட்டும் பெல்ட், ஸ்பிரெடர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நின்றால் அத்தொடர் முழுவதும் நிற்கும். கணினித் துறையினருக்கு இது புதிய செய்தியன்று. ஆகவே பல படிகளிலிருந்து வரும் பெல்ட்டுகள் ஓரிடத்தில் சந்திக்கும் பகிர்வு நிலையம் அமைக்கப்படுகிறது. அங்கு ஒரு படியின் மண்ணை வேறொரு ஸ்பிரெடருக்குத் திருப்பிவிட இயலும். வெட்டும் முகம் முன்னேற முன்னேற, நீண்ட படிப் பெல்ட்டுகளையும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். இதற்கெனப் பெல்ட் சட்டங்கள் தண்டவாளத்தோடு இணைக்கப்பட்டு, சங்கிலிச் சக்கர டிராக்டர்களால் சிறிது சிறிதாக இழுத்து நகர்த்தப்படுகின்றன.

கொட்டும் முறை

கொட்டுவது எளிய வேலை போலத் தோன்றினாலும், மேல்மண் மேலாண்மையின் பெரும் சிக்கல்கள் இங்குதான் உள்ளன. ஸ்பிரெடர் என்பது நீண்ட கை கொண்ட இயந்திரம். தான் நிற்கும் மட்டத்திற்குக் கீழே ஒரு அடுக்கும், மேலே ஒரு அடுக்கும் கொட்ட வல்லது. எந்த மண் எங்கே போக வேண்டும் என்பதே முதன்மையான முடிவு. அடிப்படியிலிருந்து வரும் மண் பள்ளத்தின் அடியிலும், தரைப்படியிலிருந்து வரும் வளமண் உச்சியிலும் அமைய வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால், நூற்றாண்டுகளாக உருவான வளமண் நாற்பது மீட்டர் ஆழத்தில் புதைந்து, ஆழத்தில் கிடந்த உயிரற்ற களிமண் வெயிலுக்கு வந்துவிடும். பின்னர் எவ்வளவு செலவழித்தாலும் அதைச் சரிசெய்வது அரிது.

களிமண்ணை ஒரே இடத்தில் குவிப்பதும் ஆபத்தானது. ஈரக் களிமண் அடுக்கின்மேல் எடை ஏறும்போது அதனுள் சிக்கிய நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் பெறும். அப்போது மேலே உள்ள மண் முழுவதும் அதன்மேல் வழுக்கிச் செல்லும். ஆகவே களிமண்ணையும் மணலையும் கலந்து கொட்டுவது, அடித்தளத்தில் நீர் வடியும் மணற்பாங்கான மண்ணை இடுவது, மேட்டைப் படிகளாக அமைத்துச் சரிவைக் குறைப்பது, உச்சியில் நீர் தேங்காமல் வாட்டம் கொடுப்பது ஆகியவை வழக்கம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்கள் நெய்வேலியில் மிகவும் கவனத்திற்குரியவை. 2015 நவம்பர் 9ஆம் நாள் வாக்கில் நெய்வேலியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது.

மண்மேடு சரிவதால் ஏற்படக்கூடிய கேட்டிற்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. 1966 அக்டோபர் 21 அன்று வேல்சு நாட்டின் அபர்ஃபான் என்ற ஊரில், நீரூற்றின்மேல் கொட்டப்பட்டிருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் சிறுவர்கள். 2009 ஜூலையில் ஜெர்மனியின் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில், நீர் நிரப்பப்பட்ட பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் கரை வீடுகளோடு ஏரிக்குள் சரிந்து மூவர் மாண்டனர். இந்தியாவில் 2016 டிசம்பரில் ஜார்க்கண்டின் லால்மாட்டியா சுரங்கத்தில் மண் சரிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாக்டர்ஷ்டெட் நிகழ்ச்சி குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. அங்கு சுரங்க வேலை நின்று பல ஆண்டுகள் கடந்திருந்தன.

நீரும் வண்டலும்

புதிதாகக் கொட்டிய மேட்டில் புல்பூண்டு ஏதுமில்லை. ஒவ்வொரு மழையிலும் மண் கரைந்து ஓடும். இதைத் தடுக்க மேட்டைச் சுற்றி வடிகால் வெட்டி, நீரை வண்டல் படியும் குட்டைகளில் தேக்கித் தெளிந்த பின் வெளியே விட வேண்டும். நுண்ணிய களித்துகள்கள் விரைவில் படிவதில்லை என்பதால் இது எப்போதும் முழுமையாக நிறைவேறுவதில்லை.

நெய்வேலிச் சுரங்க நீர் பரவனாற்றின் வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் செல்கிறது. இந்நீர் அப்பகுதி உழவர்களுக்குப் பாசன நீர். ஆனால் அதே நீரோடு வரும் வண்டல் ஏரியைத் தூர்த்துவிடுகிறது. வாலாஜா ஏரி நெடுங்காலம் தூர்ந்து கிடந்து, 2010களில் சுரங்க நிறுவனத்தின் செலவில் தூர்வாரப்பட்டது. மேட்டிலிருந்து இறங்கிய மண்ணை ஏரியிலிருந்து மீண்டும் வெட்டி எடுப்பதைவிட, மேட்டிலேயே புல் வளர்ப்பது மலிவானது என்பது சொல்லாமலே விளங்கும்.

நிலத்தை மீட்டல்

ஆழத்திலிருந்து வந்த மண்ணில் கரிமப் பொருள் மிகக் குறைவு; தழைச்சத்து ஏறக்குறைய இல்லை; மண்ணுயிர்களும் இல்லை. மழை பெய்தால் மேற்பரப்பு இறுகிப் பாளம் போலாகிவிடும். இத்தகைய மண்ணில் நேரடியாக விதைத்தால் முளைப்பது அரிது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நெய்வேலியில் இதுகுறித்துக் கள ஆய்வுகள் நடத்தப்பட்டன. தொழுவுரம், பசுந்தாள் உரம், ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர் உரங்கள் ஆகியன இடப்பட்டன. பழுப்பு நிலக்கரியிலிருந்தே பிரித்தெடுக்கப்படும் ஹியூமிக் அமிலமும் மண் வளமூட்டியாகப் பயன்படுத்தப்பட்டது. நிலத்தைக் கெடுத்த பொருளே அதைச் சீர்செய்யவும் உதவுவது இங்கு குறிப்பிடத்தக்கது.

பொதுவாக முதலில் கடினச் சூழலைத் தாங்கும் மரங்களும், காற்றிலிருந்து தழைச்சத்தை நிலைப்படுத்தும் பயறு இனச் செடிகளும் நடப்படுகின்றன. சரிவுகளில் சவுக்கு, முந்திரி, மூங்கில், வேம்பு, புங்கு முதலியனவும், சமதளமாக்கப்பட்ட பகுதிகளில் பயிர்களும் வளர்க்கப்படுகின்றன. மீட்கப்பட்ட நிலத்தில் நெல்லும் விளைவிக்கப்பட்டுள்ளது. ஆனால் மரம் பச்சையாக நிற்பது மட்டும் மண் மீண்டதற்கு அடையாளமாகாது. மண்ணின் கரிமச் சத்து, நீர் ஊடுருவும் வேகம், மண்புழு முதலிய உயிர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்தே அதை அறிய முடியும்.

இந்திய நிலக்கரி அமைச்சகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒவ்வொரு சுரங்கத்திற்கும் மூடல் திட்டம் இருக்க வேண்டும். மூடுவதற்கான தொகை சுரங்கம் இயங்கும் காலத்திலேயே தனிக் கணக்கில் ஆண்டுதோறும் செலுத்தப்பட வேண்டும். சுரங்கம் வற்றிய பின் பணமும் வற்றிவிடும் என்ற பட்டறிவே இவ்விதிக்கு அடிப்படை.

மண்ணின் பிற பயன்கள்

மேல்மண் முழுவதும் வீண் அல்ல. அதில் உள்ள வெண்களிமண்ணைக் கழுவித் தூய்மைப்படுத்தும் ஆலை ஒன்று நெய்வேலியில் முற்காலத்தில் இயங்கியது. அண்மையிலுள்ள விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலும் இப்பகுதிக் களிமண்ணைச் சார்ந்து வளர்ந்ததாகும். ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு மிகுந்த பின்னர், மேல்மண்ணிலிருந்து கட்டுமான மணலைப் பிரித்தெடுக்கும் திட்டத்தையும் சுரங்க நிறுவனம் மேற்கொண்டது. எனினும், அகற்றப்படும் மண்ணின் மொத்த அளவோடு ஒப்பிட்டால் இவை யாவும் மிகச் சிறிய பங்கே. ஒரு கோடி கன மீட்டர் மண்ணை வாங்க எந்தச் சந்தையும் இல்லை.

கட்டடத் தளங்களுடன் ஒப்பீடு

நகரங்களில் அடித்தளம் தோண்டும் ஒப்பந்ததாரருக்கும் இதே வினாக்கள் சிறிய அளவில் எழுகின்றன: எவ்வளவு மண் மிஞ்சும், எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது. வேறுபாடு என்னவெனில், அங்கு மண் திரும்பிச் செல்லப் பள்ளம் இல்லை. பள்ளத்தில் கட்டடம் வந்துவிடுகிறது. ஆகவே மிஞ்சிய மண் பெரும்பாலும் தாழ்வான நிலங்களை, சில வேளைகளில் ஏரி குளங்களைத் தூர்க்கச் செல்கிறது. நிலம் நிரப்பப் பயன்படும் சாதாரண மண்ணும் 2000ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் சிறு கனிமமாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே அதை வெளியே கொண்டுசெல்ல அனுமதியும் கட்டணமும் தேவைப்படலாம். அடித்தளம் தோண்டிய மண்ணை அதே மனையில் பயன்படுத்துவோருக்கு இவ்வறிவிப்பு தானாகப் பொருந்தாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2014இல் வெளியிட்டது. வெட்டும் அளவும் நிரப்பும் அளவும் ஒரே தளத்தில் சமமாகும்படி கட்டடத்தின் தரைமட்டத்தை முன்கூட்டியே வடிவமைப்பதே மலிவான வழி.

பெரிய திட்டங்களில் மண்ணுக்கு முன்னரே ஓர் இடம் தேடப்படுவதும் உண்டு. லண்டனில் சுரங்க ரயில்பாதை தோண்டியபோது வெளிவந்த முப்பது இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட மண், வாலசீ தீவில் பறவைகளுக்கான சதுப்புநிலம் உருவாக்கப் பயன்பட்டது. ஜெர்மனியின் ஹம்பாக் சுரங்கத்தில் 1978 முதல் வெளியே கொட்டப்பட்ட மண், சோஃபியன்ஹோகே என்ற, சுற்றுநிலத்தைவிட ஏறத்தாழ 200 மீட்டர் உயர்ந்த காட்டுக் குன்றாக நிற்கிறது.

நிலம் பற்றிய சர்ச்சை

மேல்மண் என்று பொறியாளர் குறிப்பிடும் பொருளின் மேற்பகுதி, ஒருவருடைய வயலாக இருந்தது. சுரங்கம் ஒவ்வொரு முறை முன்னேறும்போதும் ஊர்கள் இடம்பெயர்கின்றன. 2023 ஜூலை 26ஆம் நாள், இரண்டாம் சுரங்க விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்டும் பணியில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. உரிய இழப்பீடும் வேலையும் கிடைக்கவில்லை, அறுவடை வரையேனும் காத்திருந்திருக்கலாம் என்பது உழவர்களின் முறையீடு. பயிர் இழப்பிற்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

இதனுடன் தொடர்புடைய மற்றொரு வினாவும் உண்டு. மண் நிரப்பி மீட்கப்பட்ட நிலம் பெரும்பாலும் நிறுவனத்தின் கையிலேயே, தோட்டமாகவும் காடாகவும் உள்ளது. ஒரு பக்கம் புதிய வயல்கள் எடுக்கப்படும்போது, மறுபக்கம் மீட்கப்பட்ட நிலத்தை இடம்பெயர்ந்தோருக்குப் பயிரிடக் கொடுக்கலாகாதா என்பதே அது. அந்நிலம் எவ்வளவு விளைச்சல் தரும், கிணறு தோண்டினால் நீர் நிற்குமா, அமுங்கி முடியாத மண்ணின்மேல் வீடு கட்டினால் சுவர் வெடிக்காதா என்னும் பொறியியல் கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் இதை முடிவு செய்ய இயலாது. பல பத்து மீட்டர் ஆழம் நிரப்பிய மண் அமுங்கி முடியப் பல ஆண்டுகள் ஆகும். நிலத்தடி நீர் இறைப்பது நின்று நீர்மட்டம் மீண்டும் உயரும்போது, அது இன்னொரு முறை அமுங்கவும் கூடும்.